இருபத்து மூன்றாம் நம்பர்

அவருக்கு எதுவுமே முழுதாக வேண்டாம். எங்கள் மாலை நேரப் பயிற்சி நிலையத்துக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் ஒரு சாயாவை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொல்லுவார். வடையைப் பிய்த்து, பாதியைப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுவார். மருந்துக் கடைக்காரர் தலைவலி மாத்திரை அட்டையை நீட்டினால், "ரெண்டு மதி சாரே, வெட்டித் தாங்க" என்பார். 'மதி' என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் இருபது வருஷம் சமையல் வேலை பார்த்த நாகர்கோவில்காரியின் வாயில் எது தமிழ், எது மலையாளம் என்று அவருக்கே தெரியாது. "பாதி மதி சாரே" என்பதை ஒரு சாயங்காலத்தில் நாலு தடவையாவது கேட்டுவிடலாம்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "பாதிப் பேரு மதி சாரே" என்று சொல்லக்கூடியவர். எங்கள் வருகைப் பதிவேட்டில் அவர் இருபத்து மூன்றாம் நம்பர். எனக்கு இன்றைக்கும் அந்த நம்பரை எங்கே பார்த்தாலும், பஸ் டிக்கெட்டில் பார்த்தால்கூட, சிரிப்பு வந்துவிடுகிறது.

நான் அந்த நிலையத்தின் கவுண்டர் கிளார்க். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துக்காரன். ஒன்பது வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. பகலில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் படிக்க வருகிறவர்களுக்கு விண்ணப்பம் கொடுப்பதும், அதில் அவர்கள் செய்யும் தப்புக்கு வள்ளென்று விழுவதும் என் உத்தியோகம். "போட்டோவை எங்கே ஒட்டச் சொல்லியிருக்கோ அங்கே ஒட்டுங்கோ, இது என்ன கல்யாண ஆல்பமா?" என்கிற ரகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் பயந்துகொண்டே நிற்பார்கள். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அவர் பயப்படவில்லை. ஜூன் மாத மழையில் குடையை மடக்கி, ஜன்னல் கம்பியிலேயே மாட்டிவிட்டு, மலையாளத்தில் ஆரம்பித்தார். நானும் "எந்தா சேச்சி" என்றேன், என்ன அக்கா என்கிற அர்த்தத்தில். இரண்டு வாக்கியம் போனதும் அவருடைய மலையாளத்துக்குள்ளிருந்து நாகர்கோவில் எட்டிப் பார்த்தது. என்னுடையதற்குள்ளிருந்து அக்ரகாரம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். "சாரு தமிழா? அப்போ எதுக்கு நாம ரெண்டு பேரும் கெடந்து கஷ்டப்படணும்?" என்று தமிழுக்கு வந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு பெரிய ஹாஸ்டலில் அவர் தலைமைச் சமையற்காரி. கூடவே இன்னொருவர், கொல்லத்துக்காரப் பெண்; அவரும் தலைமைச் சமையல்தான். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் அடுப்பங்கரையில் இருக்க வேண்டும். புதிதாக வந்த மானேஜர், கிச்சன் இன்சார்ஜ் வேலைக்கு இனிமேல் சான்றிதழ் வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் காட்டாவிட்டால் வெளியிலிருந்து படித்த ஆள் ஒருவரைக் கொண்டுவந்து இவர்கள் தலைமேல் உட்கார வைப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்தச் சான்றிதழ் எங்கள் நிலையத்தில்தான். சமையலறை நிர்வாகமும் உணவுப் பாதுகாப்பும் சேர்ந்த டிப்ளமா, பத்து பாடம், ஒரு வருஷம்.

"இருபது வருஷமா நான் உப்புப் பார்த்த சோத்தை, நேத்து வந்த ஒரு பையன் வந்து பார்ப்பானாம் சாரே. அது நடக்காது" என்றார். அடுத்த மூச்சில், "பத்து பாடத்துல அஞ்சு மட்டும் இந்த வருஷம் தாங்க. மத்த அஞ்சு அடுத்த வருஷம் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"இது என்ன வெண்டைக்காயா அக்கா, அரைக் கிலோ கால் கிலோன்னு நிறுத்துக் குடுக்க? சர்க்கார் உதவித்தொகை வேணும்னா பத்தும் ஒரே வருஷத்துல படிக்கணும். முக்கால்வாசி நாள் வந்தாகணும். பாதியா படிக்கறதுன்னா முழு ஃபீஸையும் நீங்களே கட்டிக்கோங்கோ."

"முழு ஃபீஸுக்கு நான் எங்க போவேன்? எனக்கு வாரத்துல மூணு சாயங்காலம்தான் ஒழியும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் நகரவில்லை. பின்னால் நீண்ட வரிசை. ஈரக் குடைகள். யாரோ தும்மினார்கள்.

"செரி சாரே. சீட்டு ஒண்ணுதானே? அதை நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கிடலாமா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "தாராளமாப் பிரிச்சுக்கோங்கோ! பெஞ்சையும் பாதியா அறுத்துத் தரட்டுமா?" என்றேன்.

அவருக்கு எதிலும் பாதி போதும் என்று சொன்னேன் அல்லவா? நான் சொன்னதிலும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளியில் ஐந்து பாடம். செவ்வாய், வியாழன், சனியில் மற்ற ஐந்து. ஆசிரியர்களும் வேறு வேறு ஆட்கள். இவர் திங்கள், புதன், வெள்ளி வருவார். கழக்கூட்டத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்கி, நேராக என் ஜன்னலுக்கு வந்து, "சாரே, சாயா?" என்பார். அதாவது அரை சாயா. ஒன்றை வாங்கி இரண்டாக்கி ஒரு கிளாஸை எனக்குத் தருவார். வேண்டாம் என்று முதல் வாரம் சொன்னேன். இரண்டாவது வாரம் ஐந்தேகால் ஆனதும் கண் தானாக வாசல் பக்கம் போயிற்று.

கதை சொல்லுவதிலும் அப்படித்தான். புருஷனைப் பற்றி ஆரம்பிப்பார். "அந்த மனுசன் ஒருநாள் மீன் வாங்கியாறேன்னு பையை எடுத்துக்கிட்டுப் போனாரு சாரே..." அதற்குள் மணி அடித்துவிடும். "மீதி புதன்கிழமை." புதன்கிழமை மீன் வந்ததா, புருஷன் வந்தாரா என்று கேட்க நான் துடித்துக்கொண்டிருப்பேன். அவர் வேறொரு கதையின் பாதியை எடுத்து விடுவார். அந்த மனுஷர் மீன் பையோடு எங்கே போனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் அக்கா எல்லாத்திலயும் பாதி? பைசாவுக்கு அத்தனை முடையா?"

"பைசா இல்லை சாரே," என்று சிரித்தார். "பத்தாங்கிளாஸ் முழுசா படிக்கணும்னு போனேன், பாதியில நின்னு போச்சு. தையல் கிளாஸுக்கு ஒரு வருசப் பணத்தையும் ஒரேயடியாக் கட்டுன்னாங்க. கட்டினேன். ரெண்டாம் மாசம் அம்மைக்குக் கால் முறிஞ்சு, அதுவும் பாதி. அதுக்குப் பொறவு ஒரு புத்தி வந்துச்சு. முழுசா எடுத்தாத்தானே பாதியில நிக்கும்? பாதியா எடுத்தா அதை முடிச்சிரலாம்லா. பத்தாங்கிளாஸை அப்படித்தான் முடிச்சேன். ரெண்டு தவணையா."

இதைச் சொல்லும்போதும் வடையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தார்.  அன்றைக்கு விண்ணப்பத்தோடு வந்த இரண்டு பேரிடம் நான் கொஞ்சம் மரியாதையாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் ஓடியது. மாத வருகைக் கணக்கை எழுதும்போது பார்த்தேன். உதவித்தொகையில் சேர்ந்த பலர் பாதியில் காணாமல் போயிருந்தார்கள். அதில் புதிது ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் ஓணத்துக்குள் பெஞ்சுகள் காலியாகிவிடும். பத்தையும் ஒரே வருஷத்தில் விழுங்கு என்றால் வேலைக்குப் போகிற மனுஷர்களால் எப்படி முடியும்? ஆனால் இருபத்து மூன்றாம் நம்பருக்கு நேரே ஆறு நாளும் டிக். மூன்று மாதத்தில், வராத நாளுக்குப் போடும் முட்டை ஒன்றுகூட இல்லை. மூன்று சாயங்காலம்தான் ஒழியும் என்றவர், மற்ற நாளில் என் ஜன்னல் பக்கம் வராமலே நேராக வகுப்புக்கு ஓடி எப்படியோ சமாளித்துவிட்டார் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. "அக்கா, ஒரு நாள்கூட விடலையே நீங்கோ!" என்றேன்.

"நாங்க எப்படி சாரே விடுவோம்?" என்றார்.

அந்த 'நாங்க' எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

அந்த மாதக் கடைசியில் உதவித்தொகை கொடுக்கும் இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் சோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. உதவி பெறுகிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நேரில் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ராத்திரி அடுப்பு மூட்டுவதற்கு முந்தின நேரம். அதிகாரி அம்மாள் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையாளத்தில் நம்பரைக் கூப்பிட்டார். இருபத்தொன்று எழுந்தது. இருபத்திரண்டு வரவில்லை. இருபத்து மூன்று என்றதும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருவர் இவர். நெட்டையாக, கறுப்பாக, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. இன்னொருவர் அவர் தோள் உயரம்கூட இல்லாத, வெளுத்த, சுடிதார் போட்ட பெண். கொல்லத்துக்காரி.

"இதென்தா, ரெண்டாளோ?" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம், ரெண்டாளு. ஒரு சீட்டு" என்றார் இவர், கணக்குச் சரியாக இருப்பவரின் தெம்போடு.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! திங்கட்கிழமை ஆசிரியர் எழுந்து, "இருபத்து மூன்று இவர்தான்" என்று நெட்டையைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை ஆசிரியை எழுந்து, "இல்லையே, இவளல்லவா" என்று குட்டையைக் காட்டினார். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. பிரின்சிபால் சாரின் முகம் வெளுத்துப் போனது. யார் இதற்கு அனுமதி கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். நெட்டை, குட்டை இரண்டு கையும் ஒரே நேரத்தில் நீண்டன. இரண்டும் என்னைத்தான் காட்டின.

"சாருதான் தாராளமாப் பிரிச்சுக்கோங்கன்னு சொன்னாரு மேடம். நல்ல மனுசன். பெஞ்சைக்கூட அறுத்துத் தரேன்னாரு, நாங்கதான் வேண்டாம்னுட்டோம்."

என் வேலைக்கு வேட்டு என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, அடக்கினேன்.

அதிகாரி பதிவேட்டை மறுபடியும் புரட்டினார். இருபத்து மூன்றின் வரிசையில் விரலை வைத்து நடத்திக்கொண்டே போனார். "இந்த வகுப்பில் ஒழுங்காக நிறைந்திருப்பது இந்த ஒரு சீட்தான்" என்றார் மலையாளத்தில், பாதி தனக்குத்தானே. ஆனால் சட்டம் சட்டம்தானே? பதிவில் இருப்பது ஒரே பெயர், இவருடையது. மற்றவர் வெளியே போக வேண்டும்; நடந்ததற்குத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எழுத்தில் விளக்கம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லத்துக்காரி அழ ஆரம்பித்தாள். நான் இவரைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, உங்க பேர்தானே இருக்கு. நீங்க தப்பிச்சேள். பேசாம இருங்கோ" என்றேன். கவுண்டர்க்காரன் புத்தி.

முதல் தடவையாக அவர் என்மேல் கோபப்பட்டார். "அவ படிச்ச அஞ்சு பாடத்தை எங்க கொண்டு போடச் சொல்லுதீங்க சாரே? குப்பையிலயா? அவளை வெளிய விட்டுட்டு அடுப்பங்கரையில அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? போறதுன்னா ரெண்டு பாதியும் போகட்டும்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயா இல்லை. எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

விளக்கம் எழுத வேண்டியவன் நான்தானே, என் வாயால் வந்த வினை. அந்தத் திட்டத்தின் விதிமுறைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பிக்கு அப்புறம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பது வருஷமாக அது என் டிராயரில் இருக்கிறது. விண்ணப்பம் எப்படி, ஃபீஸ் எப்படி என்று முன்பக்கங்களை மட்டும் படித்து, அதை வைத்தே ஊரை மிரட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஆபீஸ் பேப்பரை இத்தனை சிரத்தையா நீங்கோ படிச்சு நான் பார்த்ததே இல்லையே, உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. வேலை பார்க்கிறவர்கள் நிலையத் தலைவரின் ஒப்புதலோடு பாடங்களைப் பிரித்து இரண்டு வருஷத்தில் முடிக்கலாம். எத்தனை பாடமோ அத்தனைக்குண்டான உதவித்தொகை அந்தந்த வருஷம் நிலையத்துக்கு வரும்.

அவர் முதல் நாள் ஜன்னலில் கேட்டது இதைத்தான். வெண்டைக்காயா என்று நான் கேட்டதும் இதைப் பற்றித்தான். வெட்கமாக இருந்தது. எத்தனை பேரை இந்த ஒன்பது வருஷத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைத்தபோது குடித்த காப்பி கசந்தது.

திங்கட்கிழமை காலையில் அவருக்குப் போன் போட்டு, மூன்று மணிக்கே வரச் சொன்னேன். புத்தகத்தைப் பிரின்சிபால் முன்னால் விரித்தேன். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "எனிக்கறியாம்" என்றார். தெரியுமாம்! அப்புறம் ஏன் சார் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மலையாளமும் தமிழுமாகக் கொட்டினார். "பாதி சீட்டுக்குப் பாதிக் காசல்லே வரும்? டீச்சர் பாதி கிளாஸ் எடுக்குமோ? ஃபேன் பாதி சுத்துமோ? ஒரு சீட்டில் பாதியாளை இருத்தினால் மிச்சம் பாதிக்கு ஆரு தரும்?"

நியாயம்தான். சர்க்கார் பணம் தலைக்கணக்கில் வருகிறது. பாதித் தலையைச் சேர்த்தால் நிலையத்துக்கு நஷ்டம். அதனால் முழுத் தலையாகச் சேர்த்து, அது ஓணத்துக்குள் ஓடிப்போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டோம். 

அப்போது கதவருகே நின்றிருந்த இவர், "சாரே," என்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. பக்கத்தில் கண் வீங்கிய கொல்லத்துக்காரி. "பாதி சீட்டுக்குப் பாதிக் காசு. செரி. ஆனா எங்ககிட்ட ரெண்டு பாதி இருக்குல்லா?"

பிரின்சிபால் நிமிர்ந்தார்.

"திங்க, புதன், வெள்ளி நான். செவ்வா, வியாழன், சனி இவ. அடுத்த வருசம் மாத்திக்கிடுவோம். ஒரு நாளும் உங்க பெஞ்சு காலியா இருக்காது, உங்க ஃபேன் சும்மா சுத்தாது. மூணு மாசமா அதைத்தானே செய்யுதோம்? பேரு மட்டும்தான் எழுதலை."

பிரின்சிபால் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை போடும்போது அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. "எழுதெடோ" என்றார் என்னிடம்.

எழுதினேன். அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்து, பாதி சீட் இரண்டு சேர்ந்து ஒரு முழு சீட் என்று நிலையத் தலைவரின் ஒப்புதலோடு நானே அதிகாரி கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "உங்கள் அலுவலகத்தில் இந்தப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தவர் யார்?" என்று கேட்டார். தலையைச் சொறிந்தேன். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. கொல்லத்துக்காரி இருபத்து மூன்று ஏ ஆனாள். கூடவே எனக்கு ஒரு மெமோவும் வந்தது, கவுண்டரில் கிண்டல் பேச்சு கூடாது என்று. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த ஜூனில் என் ஜன்னலில் நானே ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: 'வேலை பார்ப்பவர்கள் பாடங்களைப் பிரித்தும் படிக்கலாம். ஜோடியாக வந்தால் நல்லது.' வந்தார்கள் பாருங்கள், கல்யாண வரன் மாதிரி! செக்யூரிட்டி வேலை பார்க்கும் அண்ணனும் தம்பியும், ஒரே ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டுமாக இருந்த இரண்டு பெண்கள், ஹோட்டலில் ஒரே அடுப்பைப் பங்கு போட்டிருந்த இரண்டு தென்காசிக்காரர்கள். ஜோடி இல்லாமல் தனியாக வந்தவர்களுக்கு இவரே வரிசையில் நின்று ஜோடி சேர்த்து வைத்தார். "உனக்கு எந்த நாளு ஒழியும்? அந்தா நிக்காம்லா, அவனுக்குச் செவ்வாக்கிழமை ஒழியும். போயிப் பேசு."

இரண்டாம் வருஷப் பாடங்களும் முடிந்து, ஏப்ரலில் தேர்வு முடிவு வந்தது. இரண்டு பேரும் பாஸ். மானேஜர் சொன்ன கெடுவுக்கு ஒரு மாதம் மிச்சம் இருந்தது. கிச்சன் இன்சார்ஜ் யார் என்று கேட்டேன். "முதல் வாரம் நான், ரெண்டாம் வாரம் அவ" என்றார். வேறு எப்படி இருக்கும்?

சான்றிதழ் வாங்க ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம். ஹாஸ்டலிலிருந்து வழியில் யாருக்கோ திருப்பிக் கொடுக்க எடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கினேன். எங்கள் ஆபீஸ் கவர் சின்னது. எத்தனையோ வருஷமாக எல்லோருடைய சான்றிதழையும் நடுவில் மடித்துத்தான் அதில் போட்டுக் கொடுப்பேன். அவருடையதையும் எடுத்து, ஓரத்தோடு ஓரத்தைச் சேர்த்து, மடிக்கப் போனேன்.

"ஐயோ சாரே!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மடக்காதீங்க."

"கவர் சின்னது அக்கா. பாதியா மடிச்சாத்தான்..."

"வேண்டாம் சாரே. இது மட்டும் முழுசா வேணும்."

  தாம்பாளத்தில் ஒரு சுத்தமான துணியை விரித்துக் கம்பிக்கு வெளியே ஏந்தினார். சான்றிதழைக் கம்பி இடுக்கு வழியாக அதன் மேல் வைத்தேன். ஒரு மூலைகூட வளையவில்லை. துணியின் மறுபாதியால் மூடிக்கொண்டார்.  "வாங்கோ, இன்னைக்கு என் செலவுல சாயா" என்றேன்.

ரோட்டைத் தாண்டினோம். இரண்டு கைகளாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோக்களை எல்லாம் கண்ணாலேயே நிறுத்திக்கொண்டு வந்தார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்காமலேயே ஒரு சாயாவை இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தார். அதற்குள் கழக்கூட்டம் பஸ் வந்துவிட்டது. இவரால் கிளாஸை எடுக்க முடியாது, தாம்பாளத்தை விட்டால்தானே? "நீங்க குடிங்க சாரே" என்று சொல்லிவிட்டு ஓடினார். கண்டக்டர் இறங்கி வந்து முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் போகும்வரை நின்றேன். அப்புறம் இரண்டு பாதியையும் நானே குடித்தேன்.